புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய எடிட்டிங் மென்பொருளை எப்படிக் காப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது?

படமேசை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை மணி நேர ஆவணப்படம் ஒன்றின் எடிட்டிங் பாதியைத் தாண்டிய நிலையில் இருக்கிறது. நானும் இன்னொரு எடிட்டரும் தனித்தனிக் கணினிகளில், புராஜெக்ட் கோப்பை மாற்றி மாற்றி அனுப்பி வேலை செய்து வருகிறோம். அண்மையில் அவருடைய கணினியில், நாங்கள் இருவரும் பயன்படுத்தும் அடோபியின் பிரீமியர் புரோ தானாகவே அடுத்த பெரிய பதிப்புக்கு மாறிவிட்டது. அதன் பிறகு அவர் அனுப்பிய கோப்பு என் கணினியில் திறக்கவில்லை. புதிய பதிப்பில் சேமிக்கப்பட்ட கோப்பு என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றுவிடுகிறது. அவரிடமிருந்த பழைய பதிப்பும் மேம்படுத்தலின்போதே நீக்கப்பட்டுவிட்டதால் அவரால் பழைய நிலைக்குத் திரும்பவும் முடியவில்லை.

நானும் மேம்படுத்திவிட்டால் கோப்பு திறக்கும் என்பது தெரிகிறது. ஆனால் நிறத் திருத்தத்துக்கு நாங்கள் நம்பியிருக்கும் இரண்டு பிளகின்கள் (மென்பொருளோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல்கள்) புதிய பதிப்பில் இயங்கும் என்று அவற்றை வெளியிட்டவர்கள் இன்னும் உறுதி கூறவில்லை. ஒரே கணினியில் பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துக்கொள்வது எந்த அளவுக்குப் பாதுகாப்பானது, பழையதை எந்தக் கட்டத்தில் விட்டுவிடலாம் என்பதை வெவ்வேறு மென்பொருள்களில் பணியாற்றுபவர்கள் விளக்கினால் பெரிதும் பயன்படும்.

வெட்டுக்கோடு

முதலில் அவசர வேலையைப் பார்ப்போம். உங்கள் நண்பரின் கணினியில், மாற்றத்துக்கு முந்தைய புராஜெக்ட் கோப்பு அநேகமாக இன்னும் இருக்கும். பழைய கோப்பைப் புதிய பிரீமியர் புரோவில் திறந்தால் அது வேறு பெயரில் ஒரு நகலை உருவாக்கி அதையே மாற்றிக்கொள்கிறது. மூலக் கோப்பு தொடப்படாமல் அதே இடத்தில் கிடக்கும். தானியங்கிச் சேமிப்புக் கோப்புறையையும் தேதிவாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றத்துக்கு முந்தைய கடைசிக் கோப்பை இருவருக்கும் பொதுவான அடிப்படையாக வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு அவர் வெட்டிய சீக்வென்ஸ்களை (வெட்டுகளை அடுக்கிய டைம்லைன்களை) மட்டும் எக்ஸ்எம்எல் ஆக, அதாவது வெட்டுகளின் விவரத்தைக் கொண்டுபோகும் எழுத்துக் கோப்பாக, ஏற்றுமதி செய்து வாங்கிக்கொண்டால் இழப்பு மிகக் குறைவாக இருக்கும்.

அடுத்து, பழையது ஏன் நீக்கப்பட்டது என்பது. பிரீமியரின் பெரிய பதிப்புகள் ஒவ்வொன்றும் தனிக் கோப்புறையில், தனி அமைப்புகளோடு நிறுவப்படுகின்றன. 2024 பதிப்பும் 2025 பதிப்பும் ஒரே கணினியில் ஒன்றையொன்று தொடாமல் இருக்க முடியும். ஆனால் அடோபி மென்பொருள்களை நிறுவும் கிரியேட்டிவ் கிளவுட் செயலி மேம்படுத்தும்போது, பழைய பதிப்புகளை நீக்கும் தேர்வு ஏற்கெனவே டிக் செய்யப்பட்டு மேம்பட்ட அமைப்புகள் என்ற பகுதிக்குள் ஒளிந்திருக்கிறது. அதை விரித்துப் பார்க்காமல் தொடர்பவரின் கணினியில் பழையது போய்விடும். தானியங்கி மேம்படுத்தலை இயக்கி வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வியே கண்ணில் படுவதில்லை.

ஒரே பெரிய பதிப்புக்குள் வரும் சிறு மேம்படுத்தல்களின் கதை வேறு. 24.1 இருந்த இடத்தில் 24.2 வந்து உட்கார்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே பக்கத்தில் பழையது இருக்கிறது என்ற நம்பிக்கை பெரிய பதிப்பு மாற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

வட்டுக்காவலர்

வெட்டுக்கோடு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். நீக்கினாலும் பிறகு தரவிறக்கிக்கொள்ளலாம் என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். 2019 மே மாதத்தில் அடோபி தன் கொள்கையை மாற்றி, கிரியேட்டிவ் கிளவுட் செயலிகள் பெரும்பாலானவற்றுக்கு நடப்புப் பெரிய பதிப்பையும் அதற்கு முந்தையதையும் மட்டுமே தரவிறக்க அனுமதித்தது. அதற்கும் பழையவற்றைப் பயன்படுத்தும் உரிமை இனி இல்லை என்று சந்தாதாரர்களுக்குக் கடிதமும் வந்தது. ஆகவே சந்தா முறையில் பழைய பதிப்பை வைத்திருப்பது என்பது ஒரு கால எல்லைக்கு உட்பட்ட சலுகைதான். இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும் படங்களுக்கு இதை முதல் நாளிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

நிறத்தராசு

டாவின்சி ரிசால்வில் நிலைமை இதற்கு நேர்மாறானது. பழைய பதிப்புகளின் நிறுவல் கோப்புகளை பிளாக்மேஜிக் நிறுவனம் தன் ஆதரவுப் பக்கத்தில் தொடர்ந்து வைத்திருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே கணினியில் இரண்டு பதிப்புகளைச் சேர்த்து நிறுவ வழி தரப்படவில்லை. புதியதை நிறுவினால் பழையது இருந்த இடத்தை அது எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியமானது, ரிசால்வில் புராஜெக்ட் என்பது நீங்கள் நகலெடுத்து வைக்கும் தனிக் கோப்பாக இல்லாமல் லைப்ரரி எனப்படும் ஒரு தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. புதிய பெரிய பதிப்பில் ஒரு புராஜெக்டை ஒருமுறை திறந்து சேமித்துவிட்டால், பழைய பதிப்பை மீண்டும் நிறுவினாலும் அது திறக்காது. மென்பொருளைத் திரும்பப் பெற்றுவிடலாம், புராஜெக்டைத் திரும்பப் பெற முடியாது.

ஆகவே ரிசால்வ் பயன்படுத்துபவர்கள் நிறுவல் கோப்பைத் தொடுவதற்கு முன்பே புராஜெக்ட் மேனேஜரில் முழு லைப்ரரியையும் பேக்கப் எடுத்து, அதை வேறொரு வட்டில் வைக்க வேண்டும். நடப்பிலிருக்கும் ஒவ்வொரு புராஜெக்டையும் டிஆர்பி (ரிசால்வின் தனிப் புராஜெக்ட் கோப்பு) ஆகத் தனியாகவும் ஏற்றுமதி செய்துகொள்வது நல்லது. லைப்ரரி பேக்கப்பை மீட்டால் எல்லாப் புராஜெக்டுகளும் சேர்ந்து வரும். டிஆர்பி இருந்தால் தேவையான ஒன்றை மட்டும் எடுக்கலாம். பீட்டா பதிப்புகளைச் சோதிக்க விரும்புபவர்கள் அதற்கென்று ஒரு வெற்று லைப்ரரியை உருவாக்கி, நகலெடுத்த புராஜெக்டை மட்டும் அதற்குள் கொண்டுவந்து பார்க்கட்டும்.

ஆறாம்தடம்

ஃபைனல் கட் புரோ பயன்படுத்துபவர்களுக்கு ஆப்பிளே ஒரு நடைமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. மேம்படுத்துவதற்கு முன் அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்குள் பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள் செயலியின் நகலைச் சுருக்கி ஜிப் கோப்பாக வைக்க வேண்டும். சுருக்காமல் வைத்தால் ஆப் ஸ்டோர் அந்த நகலையும் கண்டுபிடித்து மேம்படுத்திவிடக்கூடும் என்பதால் இந்தப் படியை விட்டுவிடக் கூடாது.

லைப்ரரியைப் பொறுத்தவரை, புதிய பதிப்பு அதை மாற்றி எழுத வேண்டியிருக்கும் என்று திறக்கும்போதே கேட்கும். ஒப்புக்கொண்ட பிறகு பழைய பதிப்பு அதைத் திறக்காது. மூவீஸ் கோப்புறையில் தானாகச் சேரும் லைப்ரரி பேக்கப்புகளில் தரவுத்தளம் மட்டுமே இருக்கும், காட்சிக் கோப்புகள் இருக்காது. அதைப் பேக்கப் என்று நம்பி மூலக் காட்சிகளை நீக்கிவிட வேண்டாம்.

இணைப்புப்பொறி

இதுவரை எல்லோரும் மென்பொருளைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம். படமேசை அவர்கள் கேட்டது பிளகின் சார்ந்த கேள்வி. அங்கேதான் இரண்டு பதிப்புகளைச் சேர்த்து வைப்பவர்கள் பெரும்பாலும் சிக்குகிறார்கள்.

பிரீமியர், ஆப்டர் எஃபெக்ட்ஸ் ஆகியவற்றுக்கான மூன்றாம் தரப்புப் பிளகின்கள் பலவும் எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஒரே கோப்புறையில்தான் நிறுவப்படுகின்றன. அடோபி, காமன், பிளகின்ஸ், 7.0, மீடியாகோர் என்று அந்தப் பாதை போகும். அந்த 7.0 எந்தப் பதிப்பு வந்தாலும் மாறுவதில்லை. இதன் விளைவைக் கவனியுங்கள்: புதிய பிரீமியருக்காக நீங்கள் ஒரு பிளகினை மேம்படுத்துகிறீர்கள், பழைய பிரீமியரும் அடுத்த முறை திறக்கும்போது அதே புதிய பிளகினைத்தான் எடுத்துக்கொள்ளும். பழைய மென்பொருளுக்கான ஆதரவை அந்தப் பிளகின் கைவிட்டிருந்தால், நீங்கள் தொடவே இல்லை என்று நினைத்த பழைய பதிப்பில் உங்கள் நிறத் திருத்தம் காணாமல் போயிருக்கும், அல்லது திறக்கும்போதே மென்பொருள் நின்றுவிடும். பல மென்பொருள்களுக்குப் பொதுவான ஓஎஃப்எக்ஸ் வகைப் பிளகின்களும் ஒரு பொதுக் கோப்புறையில்தான் இருக்கின்றன. எனவே ரிசால்வும் இதற்கு விலக்கல்ல.

கிராபிக்ஸ் கார்டின் டிரைவரும் (அதை இயக்கும் நிரல்) அப்படியே. ஒரு கணினியில் ஒரு டிரைவர்தான் இருக்க முடியும். புதிய பதிப்பு கேட்கிறது என்று டிரைவரை ஏற்றினால், பழைய பதிப்பும் அதன்மேல்தான் ஓட வேண்டும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் வழியாக முந்தைய டிரைவருக்குத் திரும்பலாம் என்றாலும், நடப்பு டிரைவரின் நிறுவல் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேம்படுத்துவதே உறுதியான வழி.

எனவே பாதி முடிந்த படம் இருக்கும் கணினியில் பழையதையும் புதியதையும் சேர்த்து வைப்பதைக் காட்டிலும், இயக்கு தளம், மென்பொருள், பிளகின், டிரைவர் ஆகிய நான்கும் அப்படியே பதிவாகும்படி கணினி வட்டின் முழுப் பிம்பத்தை (வட்டில் உள்ள அனைத்தின் நகலை) எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மேம்படுத்துவதையே நான் வலியுறுத்துவேன். ஏதேனும் தவறினால் நான்கும் ஒன்றாகத் திரும்பக் கிடைக்கும்.

வெட்டுக்கோடு

இணைப்புப்பொறி அவர்களின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வட்டுப் பிம்பத்தை மீட்டால் அதற்குப் பிறகு அந்த வட்டில் செய்த வேலையும் போய்விடும். புராஜெக்ட் கோப்புகளும் காட்சிகளும் கணினி வட்டில் இல்லாமல் தனி வட்டில் இருந்தால் மட்டுமே இந்த வழி நிம்மதி தரும்.

சுருள்பேழை

மாற்றுக் கருத்து ஒன்றைப் பணிவோடு முன்வைக்கிறேன். நான் முடிந்த படங்களைப் பாதுகாக்கும் பணியில் இருப்பவன். பழைய மென்பொருளை வைத்திருந்தால் பழைய படத்தை எப்போதும் திறக்கலாம் என்ற நம்பிக்கையை வரலாறு தொடர்ந்து பொய்யாக்கி வந்திருக்கிறது.

2011 ஜூன் மாதத்தில் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளிவந்தபோது, அதனால் ஃபைனல் கட் புரோ 7 புராஜெக்டுகளைத் திறக்க முடியவில்லை. பலர் 7ஆம் பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். 2017இல் மேக்ஓஎஸ் ஹை சியரா வந்தபோது அந்தப் பழைய பதிப்பு அதில் இயங்காமல் போயிற்று. 2019இல் வந்த கேட்டலினா, 32 பிட் செயலிகள் அனைத்தையும் கைவிட்டது. அத்தோடு சினிபாக், சோரன்சன் போன்ற பழைய கோடெக்குகளில் (காட்சியைச் சுருக்கிப் பதியும் முறைகளில்) இருந்த காட்சிகளும் ஃபைனல் கட்டில் திறக்காத நிலை வந்தது. பிரீமியரிலும் 2018 ஏப்ரலில் வந்த 12.1 பதிப்பு, குயிக்டைம் 7 காலத்துக் கோடெக்குகளுக்கான ஆதரவை நிறுத்தியது. அதற்கு முன்பே, 2016இல், விண்டோஸுக்கான குயிக்டைமில் சரிசெய்யப்படாத பாதுகாப்புக் குறைகள் இருந்ததால் அதை நீக்கிவிடும்படி அமெரிக்க அரசின் கணினி அவசர உதவி அமைப்பே அறிவுறுத்த வேண்டியிருந்தது. அதை நம்பியிருந்த எடிட்டர்கள் பாதுகாப்பா, வேலையா என்று தவிக்க நேர்ந்தது.

இவற்றில் எதிலும் எடிட்டரின் வட்டிலிருந்த பழைய மென்பொருளை யாரும் அழிக்கவில்லை. அது நின்ற தரைதான் நகர்ந்துவிட்டது. ஆகவே படம் நடக்கும் வரை பழைய பதிப்பைக் காப்பது சரி. அதையே காப்பகம் என்று கருதுவது சரியல்ல.

படமேசை

மிகுந்த நன்றி. நண்பரின் தானியங்கிச் சேமிப்பில் மாற்றத்துக்கு முந்தைய கோப்பு கிடைத்துவிட்டது. அது என் கணினியில் திறக்கிறது. அதற்குப் பிறகு அவர் வெட்டிய இரண்டு சீக்வென்ஸ்களை எக்ஸ்எம்எல் ஆகப் பெற்றேன். வெட்டுகள் அனைத்தும் சரியாக அமர்ந்தன. ஆனால் எழுத்துகளின் அமைப்பும் நிறத் திருத்தமும் வரவில்லை, வேகமாற்றங்கள் சிலவும் பிசகியிருக்கின்றன.

இணையத்தில் இன்னொரு வழியைப் பலர் சொல்கிறார்கள். பிரீமியர் கோப்பைப் பிரித்து உள்ளே பதிப்பு எண்ணை மாற்றினால் பழைய பதிப்பில் முழுதாகத் திறக்கும் என்பது அது. அதை நம்பலாமா?

வெட்டுக்கோடு

பிரீமியரின் புராஜெக்ட் கோப்பு என்பது உண்மையில் ஜீஜிப் முறையில் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்பு. அதை விரித்து எழுத்துத் தொகுப்பியில் திறந்தால், தொடக்கத்திலேயே புராஜெக்ட் என்ற குறிச்சொல்லில் பதிப்பு எண் இருக்கும். அதை 1 என்று மாற்றிச் சேமித்தால், பழைய பதிப்பு அதை மிகப் பழைய கோப்பு என்று எண்ணித் தன் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு திறந்துவிடும். திறக்கும் என்பது உண்மைதான்.

ஆனால் புதிய பதிப்பில் மட்டும் இருக்கும் எஃபெக்டுகளையும் அமைப்புகளையும் பழைய பதிப்பு அறியாது. அவற்றை எச்சரிக்கையின்றி விட்டுவிடக்கூடும். ஒன்றரை மணி நேரப் படத்தில் எந்த ஷாட்டில் எது உதிர்ந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடுவது, எக்ஸ்எம்எல்லில் வராத எழுத்துகளை மீண்டும் அமைப்பதைவிடக் கடினம். எக்ஸ்எம்எல்லில் எது வரவில்லை என்பதாவது கண்ணுக்குத் தெரிகிறது. அவசரத்தில் ஒரு சீக்வென்ஸைப் பார்த்துக்கொள்ள அந்த வழி போதும். அதன்மேல் தொடர்ந்து வேலை செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆப்டர் எஃபெக்ட்ஸில் இந்தச் சிரமம் குறைவு. முந்தைய பதிப்புக்கான நகலாகச் சேமிக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. பிரீமியருக்கு அந்த வசதி நீண்ட காலமாகத் தரப்படாமல் இருந்தது உண்மையான குறை.

கட்டற்றபடம்

கட்டற்ற மென்பொருள் பக்கமிருந்து ஒரு குறிப்பு. கேடென்லைவின் ஆப்இமேஜ் வடிவத்தில் ஒரு பதிப்பு முழுவதும் ஒரே கோப்பாக இருக்கிறது. லினக்ஸில் எத்தனை பதிப்புகளை வேண்டுமானாலும் ஒரே கோப்புறையில் வைத்துக்கொண்டு, புராஜெக்டுக்கு ஏற்றதைத் திறக்கலாம். நான் ஒவ்வொரு படத்தின் கோப்புறைக்குள்ளும் அதைத் தொகுத்த ஆப்இமேஜையே போட்டு வைக்கிறேன். சந்தாவோ தரவிறக்கத் தடையோ குறுக்கே வருவதில்லை. ஆயினும் கோப்பு வடிவம் இங்கும் மாறத்தான் செய்கிறது: 20.08 பதிப்பிலும் பின்னர் 23.04 பதிப்பிலும் சேமிக்கப்பட்ட புராஜெக்டுகளை அவற்றுக்கு முந்தைய பதிப்புகளில் திறக்க முடியாது.

படமேசை

சுருள்பேழை அவர்களுக்கு ஒரு கேள்வி. பழைய மென்பொருள் காப்பகம் ஆகாது என்றால், இந்தப் படம் முடிந்த பிறகு நான் எதை வைத்திருக்க வேண்டும்? எக்ஸ்எம்எல் எவ்வளவு இழக்கிறது என்பதை இப்போதே பார்த்துவிட்டேன்.

சுருள்பேழை

நல்ல கேள்வி. எந்த ஒரு கோப்பும் தனியாகப் போதாது என்பதால் பலவற்றைச் சேர்த்தே வைக்க வேண்டும்.

முதன்மையானது இறுதிப் படத்தின் உயர்தர மாஸ்டர். புரோரெஸ் 422 எச்க்யூ அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற வடிவத்தில், எழுத்துகள் உள்ள ஒரு பிரதியும் எழுத்துகள் இல்லாத ஒரு பிரதியும் தேவை. எழுத்தில்லாத பிரதி இருந்தால், பின்னாளில் வேறு மொழியில் வெளியிடுவதற்காகவோ ஒரு பெயரைத் திருத்துவதற்காகவோ புராஜெக்டைத் திறக்க வேண்டியதே இல்லை. ஒலியிலும் வசனம், இசை, பிற ஒலிகள் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். பழைய புராஜெக்டைத் திறக்கச் சொல்லி வரும் கோரிக்கைகளில் பெரும்பகுதி இந்த இரண்டாலேயே தீர்ந்துவிடுவதை என் பணியில் தொடர்ந்து பார்க்கிறேன்.

அடுத்து, வெட்டுகளின் பதிவு. எக்ஸ்எம்எல்லும், ஒலித் தடங்களை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் ஏஏஎஃப் கோப்பும் வையுங்கள். எளிமையான இடிஎல்லையும் (வெட்டுகளின் பட்டியல்) ஒதுக்க வேண்டாம். சிஎம்எக்ஸ் 3600 வடிவ இடிஎல்லில் ஒரு காட்சித் தடமும் நான்கு ஒலித் தடங்களும்தான் அடங்கும், 999 வெட்டுகளுக்கு மேல் ஏற்காது என்பதால் நீண்ட படத்தை ரீல்களாகப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆனால் அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்த மென்பொருளும் இல்லாமல் மனிதர் கண்ணாலேயே படிக்கலாம். எந்த மூலக் காட்சியின் எந்த டைம்கோடிலிருந்து எதுவரை பயன்பட்டது என்பது அதில் இருக்கும்.

புராஜெக்ட் கோப்பையும் அவசியம் வையுங்கள். அதோடு, மென்பொருளின் முழுப் பதிப்பு எண், ஒவ்வொரு பிளகினின் பெயரும் பதிப்பும், பயன்படுத்திய எழுத்துருக்கள், இயக்கு தளத்தின் பதிப்பு ஆகியவற்றை ஒரு எழுத்துக் கோப்பில் குறித்து அதே கோப்புறையில் போடுங்கள். இதற்குச் சில நிமிடங்களே ஆகும். எழுத்துருவை மட்டும் தேடி அலைந்து ஒரு நாள் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு.

நிறத்தராசு

நிறத்துக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பதிப்பு மாறும்போது நிற மேலாண்மையின் இயல்பு அமைப்புகள் மாறக்கூடும். பழைய புராஜெக்ட் பிழையின்றித் திறந்து, காட்சி மட்டும் வெளிறியோ அடர்ந்தோ தெரியலாம். ஆகவே மேம்படுத்துவதற்கு முன் ஒவ்வொரு முக்கியக் காட்சியிலிருந்தும் ஒரு ஃபிரேமைப் படமாக எடுத்து வையுங்கள். புதிய பதிப்பில் அதே ஃபிரேமை மீண்டும் எடுத்து, இரண்டையும் ஒரே டைம்லைனில் மேலும் கீழுமாக அடுக்கி, மேலடுக்கின் கலப்பு முறையை டிஃபரன்ஸ் என்று வையுங்கள். வேறுபாடு இல்லாவிடில் திரை முழுக் கருப்பாக இருக்கும். எங்கு மாறியிருக்கிறதோ அந்த இடம் மட்டும் ஒளிரும். நினைவை நம்பி ஒப்பிடுவதைவிட இது பன்மடங்கு உறுதியானது.

இணைப்புப்பொறி

பிரீமியரின் பழைய லெகசி டைட்டில் கொண்டு எழுத்துகள் அமைத்தவர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டும். 2023 பதிப்பிலிருந்து அந்த வசதி நீக்கப்பட்டு, பழைய எழுத்துகள் புதிய கிராபிக்ஸ் வடிவத்துக்குத் தானாக மாற்றப்படுகின்றன. மாற்றத்தில் எழுத்து இடைவெளியும் நிழலும் அப்படியே இருக்கின்றனவா என்பதைக் கண்ணால் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

படமேசை

தெளிவு கிடைத்துவிட்டது. நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். இந்தப் படம் ஒப்படைக்கப்படும் வரை பழைய பதிப்பிலேயே தொடர்வோம். நண்பர் முந்தைய பெரிய பதிப்பை மீண்டும் நிறுவிவிட்டார். அது ஒரு படி மட்டுமே பழையது என்பதால் தரவிறக்கப் பட்டியலில் கிடைத்தது. அதைப் போலவே என் கணினியிலும் தானியங்கி மேம்படுத்தலை நிறுத்திவிட்டேன். பிளகின்களின் நிறுவல் கோப்புகளையும் டிரைவரின் நிறுவல் கோப்பையும் படத்தின் வட்டிலேயே சேர்த்துவிட்டோம். புதிய பதிப்பை நண்பரின் இன்னொரு கணினியில் மட்டும், புராஜெக்டின் நகலோடு, நிறத்தராசு அவர்கள் சொன்ன முறையில் சோதிக்கப் போகிறோம்.

வெட்டுக்கோடு

நல்ல ஏற்பாடு. இரண்டு கணினிகளிலும் ஒரே பெரிய பதிப்பு மட்டுமின்றி அதன் சிறு பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று உதவிப் பட்டியலில் இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்; மீண்டும் நிறுவியபோது உங்கள் நண்பருக்கு அந்தப் பெரிய பதிப்பின் கடைசிச் சிறு பதிப்பு வந்திருக்கக்கூடும். அப்படியிருந்தால், வட்டுப் பிம்பம் எடுத்த பிறகு, நீங்களும் அந்த எண்ணுக்கே வந்துவிடுங்கள்.

படமேசை

பார்த்தேன், அவருடையது ஒரு படி மேலேதான் இருக்கிறது. பிம்பம் எடுக்கத் தொடங்கிவிட்டேன்.